அறியாத மாடு படியாது

(காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் கணக்கு வாத்தியாரின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, வெயிலைப் பார்க்காமல் தாராபுரத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கிய பழைய மாணவர் மன்றத்து அண்ணன்மார்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, எங்கள் ஊர் அரிசி ஆலை உரிமையாளர்களே, தேங்காய்க் களத்து முதலாளிகளே, எல்லாருக்கும் என் வணக்கம். மருத்துவர் ஐயா காலையில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். தாயும் கன்றும் நலம் என்றார். வாத்தியார் இருந்திருந்தால் மாலையை அப்புறம் போடலாம் என்று சொல்லிவிட்டு முதலில் அந்தக் கட்டுத்தரைக்குத்தான் போயிருப்பார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு, வாத்தியாரின் துணைவியாருக்கு, தனியாக ஒரு வணக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் உங்கள் வீட்டு மோர் குடித்து வளர்ந்தவர்கள் அம்மா. பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கும் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, வாத்தியார் பாடம் நடத்திய விதம். இரண்டு, அவர் மாடு வளர்த்த விதம். மூன்று, அந்த மாடு மேய்ந்த கொறங்காடு, நம் பக்கத்து மேய்ச்சல் காடு.

அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கும். சுண்ணக்கட்டி ஒன்று, கருப்பட்டித் துண்டு ஒன்று. சுண்ணக்கட்டி எங்களுக்கு, கருப்பட்டி அவர் வீட்டுச் சாம்பல் நிற மயிலைக் காளைக்கு. கருப்பட்டியில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கும், காளை அதையும் சேர்த்தே நக்கிவிடும். காலையில் கட்டுத்தரையைக் கூட்டி, தண்ணி காட்டி, சோளத்தட்டு அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். கை கழுவித்தான் வருவார், ஆனாலும் புண்ணாக்கு வாசம் போகாது. எனக்கு இன்றைக்கும் வகுத்தல் கணக்கு என்றால் கடலைப் புண்ணாக்கு வாசம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் பெற்றோர் ஒருவர் மகனை இழுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். "அடியாத மாடு படியாதுங்க, தோலை உரிச்சாலும் நான் கேக்க மாட்டேனுங்க" என்றார். அந்தக் காலத்தில் எல்லாப் பெற்றோரும் சொல்கிற பேச்சுத்தான். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. கரும்பலகையில் "அடியாத மாடு படியாது" என்று பெரிய எழுத்தில் எழுதினார். அப்புறம் அந்த "டி"யை மட்டும் விரலால் அழித்துவிட்டு "றி" என்று போட்டார். அறியாத மாடு படியாது. "நானும் மாடு வெச்சிருக்கறனுங்க. அடிச்ச மாடு மிரளும், பக்கம் போனாக் கொம்பைத் திருப்பும், படியாதுங்க. அது எப்படிப்பட்டதுன்னு நீங்க அறிஞ்சாப் படியுமுங்க" என்றார். வந்தவர் பேசாமல் மகன் தோளில் கை போட்டுக்கொண்டு போனார். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது 2009இல். எங்கள் வாத்தியார் பிரம்பைத் தொடாமலே அதற்கு முன் முப்பது வருடம் பாடம் நடத்தி முடித்திருந்தார்.

இப்போது கண்ணபுரம் தேர்க் கதை. இங்கே பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும், தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

1981, சித்திரை மாதம். ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் நான் தேறவில்லை. ஊரே கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கும் அதையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கும் கிளம்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன். சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நின்றது. "பையனை அனுப்புங்க, சந்தையில எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்" என்று என் அப்பாவிடம் கேட்டார் வாத்தியார். தேறாத பையனைத் துணைக்குக் கேட்கிறாரே என்று அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி முழுக்க வண்டிப் பயணம். விடியும்போது கண்ணபுரம். பார்த்த பக்கமெல்லாம் மாடு. காங்கேய மாடு இத்தனையும் ஒரே இடத்தில் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திமிலும் கழுத்தும் கறுத்த, இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளைகள், சாம்பல் பூசினாற்போல எருதுகள், சலங்கைச் சத்தம், கயிற்றுக் கடை, லாடம் அடிக்கிற சத்தம், கண்ணைத் திறக்கவிடாத புழுதி.

மாட்டின் வயதைப் பல்லை வைத்துத்தான் சொல்வார்கள், முதல் பாடம் அந்தப் பல்லில் தொடங்கியது. ஒரு எருதின் வாயைப் பிரித்துக் காட்டி, "மேல் பல்லை எண்ணு கண்ணு" என்றார். தேடித்தேடிப் பார்த்தேன். மாட்டுக்கு முன்பக்கம் மேல்பல்லே கிடையாது! வீட்டில் மாடு இருந்தும் அது எனக்குத் தெரியாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்தால் பல் நிறைந்த, கடை சேர்ந்த மாடு. "மாடு விற்கிறவன் பல்லை ஒத்தைப்படையில சொன்னா நம்பாதே, பல் ஜோடி ஜோடியாத்தான் வரும்" என்றார்.

அப்புறம் துண்டு. விலை பேசும்போது தரகரும் வாங்குகிறவரும் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. வாத்தியாருக்கு ஒரு ஜோடி எருது பிடித்துப்போனது. தரகர் துண்டை விரித்தார். வாத்தியார் தன் கையை நீட்டாமல் என் கையைப் பிடித்துத் துண்டுக்குள் விட்டார். தரகர் என் நாலு விரலைப் பிடித்தார், விட்டார், மறுபடி மூன்று விரலைப் பிடித்தார்.

"எவ்வளவு கண்ணு?"

"ஏழுங்க" என்றேன்.

தரகர் சிரிக்க வாயெடுத்தார், வாத்தியார் ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டது. மண்ணில் குந்தி உட்கார்ந்து விரலால் கோடு போட்டார். "முதல்ல புடிச்சது எந்த வீட்டுல உக்காரும்? ரெண்டாவது புடிச்சது எந்த வீட்டுல உக்காரும்? எருதைப் பாரு, இது ஏழு ரூவாய்க்கு வருமா?" ஆயிரம், நூறு என்று கோட்டுக்கு மேலே எழுதினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "நாலாயிரத்து முந்நூறுங்க!" வருடம் முழுக்கப் புரியாத இடமதிப்பு அந்தப் புழுதியில் புரிந்தது. "சரி, இப்ப நீ கேளு" என்றார். துண்டுக்குள் தரகரின் மூன்று விரலைப் பிடித்தேன். விட்டேன். அடுத்து ஒன்பது சொல்ல வேண்டும். முழுக்கையையும் பிடித்து, பிறகு நாலு விரலைப் பிடித்தேன். "அடிமாட்டு வெலைக்குக் கேக்கறானுங்க வாத்தியாரே உங்க பையன்!" என்று தரகர் துண்டை உதறினார். கடைசியில் நாலாயிரத்து நூறுக்கு முடிந்தது. புதுக்கயிறு மாற்றி அந்த ஜோடியை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறியாத மாடு படியாது என்றாரே, என்னை அறிந்து வைத்திருந்தார் அவர். முப்பத்துநாலு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றிருக்கிறேன், அந்தத் துண்டின் தயவில்.

இன்னொன்றும் சொல்வார். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு நிறச் செவலையாகப் பிறக்கும், ஆறு மாதம் போல ஆனால்தான் நிறம் மாறி மயிலையாகும். ஒரு பையன் உருப்பட மாட்டான் என்று ஆசிரியர் அறையில் யாராவது பேசினால், "கன்னு இன்னும் செவலையாத்தான் இருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு இராது.

மாட்டுக்கு வருகிறேன். காங்கேய மாட்டை இனமாகக் காத்து வளர்த்துப் பேர் வாங்கித் தந்தவர் பழையகோட்டைப் பட்டக்காரர் ராவ்பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். அன்றைக்குக் கிணற்றில் கவலை இறைக்க, அதாவது எருது பூட்டித் தண்ணீர் இறைக்க, பாரம் இழுக்க இந்த எருதுதான் வேண்டும் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். கரண்டு மோட்டார் வந்தது, கவலை போனது. டிராக்டர் வந்தது, ஏர் போனது. பால் அதிகம் கறக்கிறது என்று கலப்பினம் வந்தது. வாத்தியார் வீட்டில் மட்டும் ஏழெட்டு உருப்படி குறையவே இல்லை. ஏன் என்றால் அவரிடம் கொறங்காடு இருந்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், தலைவர் அவர்கள் நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் மழை குறைவு. இந்த வறண்ட மண்ணில் நம் முன்னோர் உழாமல் விட்டுவைத்த மேய்ச்சல் காடுதான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல். காய்ந்து கருகினாலும் வேர் சாகாது, ஒரு மழை போதும், தளிர்த்துவிடும். நடுநடுவே வெள்வேல மரம், நிழலுக்கு நிழல், கோடையில் புல் தீர்ந்தால் அதன் காய் தீவனம். சுற்றி முள்கிளுவை உயிர்வேலி. கம்பி வாங்க வேண்டாம், கல்தூண் வேண்டாம், ஒரு போத்தை, வெட்டிய கிளைத் துண்டை, நட்டால் துளிர்த்து வேலியாகிவிடும். காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்துவிட்டு மற்றதைப் புல் வளர விடுவார்கள். மாடு ஆள் காவல் இல்லாமல் தானே மேயும், தானே படுக்கும். காங்கேய மாட்டின் காலும் குளம்பும் அந்தக் காட்டில் நடந்து நடந்து உரமேறியவை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் திரண்டு நின்றார்கள். நம்மூர்ப் பிள்ளைகளும் போனார்கள், பெருமைதான். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஜல்லிக்கட்டுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. காளைக்கு வாடிவாசல் கிடைத்தது சரி, அதைப் பெற்ற பசு எங்கே மேயும்? ஊரைச் சுற்றி ஒவ்வொரு கொறங்காடாகக் கிளுவையைப் பிடுங்கிவிட்டு மனைக்கல் நடுகிறார்கள். போன மாதம் ஒரு காட்டில் வெள்வேல மரங்களை வெட்டி அடுக்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடிமரம் இரண்டு கை அணைப்புக்கு அடங்காது. அறியாத மாடு படியாது என்றார் வாத்தியார். மாட்டை அறிய வேண்டுமென்றால் அது மேய்கிற மண்ணை அறிய வேண்டும். இன்றைக்கு நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கொழுக்கட்டைப் புல்லைக் காட்டத் தெரியுமா?

அதனால் மூன்று கோரிக்கை எழுதியிருக்கிறோம். நம் ஊராட்சியின் மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். கொறங்காடு வைத்திருப்பவருக்கு அதை வைத்திருப்பதற்காகவே அரசு ஊக்கத்தொகை தர வேண்டும். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சும்மா கிடக்கும் இடத்தில் வாத்தியார் பேரில் ஒரு சிறு கொறங்காடு போட வேண்டும், சுற்றுச்சுவருக்குப் பதில் கிளுவை வேலியோடு. தலைமையாசிரியை அவர்கள் மேடை ஏறும் முன்பே சரி என்று சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குக் கைதட்டுங்கள். தலைவர் அவர்கள் அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறது. மனுவில் கையெழுத்துப் போடுங்கள், எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருப்பவை வாத்தியார் காட்டு வேலியிலிருந்து அம்மா வெட்டிக் கொடுத்த கிளுவைப் போத்துகள். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெயில் ஏறுவதற்குள் வீடு போய் நட்டுவிடுங்கள், நன்றி, வணக்கம்.