ட்ரையர்ல சூடு வரலன்னா முதல்ல காத்தைப் பாருங்க

வணக்கம். சத்தம் கொஞ்சம் அதிகமாத்தான் கேட்கும், பொறுத்துக்குங்க. பக்கத்துல ரெண்டு ட்ரையர் ஓடிக்கிட்டிருக்கு, அதை நிறுத்தச் சொல்ல முடியாது. நான் நிக்கிறது மூணாவது மெஷினுக்குப் பின்னாடி. பேக் பேனலைக் கழட்டி வச்சிருக்கேன். கேஸ்ல ஓடுற மெஷின். புகார் என்னன்னா, "சூடே வரல, முக்கால் மணி நேரத்துல காயுற துணி ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஈரமாவே இருக்கு".

இதைக் கேட்டதும் நிறையப் பேர் நேரா கேஸ் எரியுற பர்னருக்குப் போயிடுவாங்க. தீ பத்த வைக்கிற இக்னைட்டரை மாத்துவாங்க, கேஸ் வால்வை மாத்துவாங்க, அப்புறம் கண்ட்ரோல் போர்டு. மூணுமே விலை கூடின சாமான். மூணையும் மாத்தினப்புறமும் துணி ஈரமாவே இருந்த இடங்களை நான் பார்த்திருக்கேன். அந்த வருத்தத்துலதான் இன்னிக்கு கேமராவை எடுத்துட்டு வந்தேன்.

முதல்ல ஒரு கேள்வி கேளுங்க. சூடு சுத்தமா இல்லையா, இல்ல சூடு இருந்தும் காய மாட்டேங்குதா? ரெண்டும் ஒரே மாதிரிதான் காதுல விழும். ஆனா ரெண்டும் வேற வேற வியாதி.

காய நேரமாகுதுங்கிற புகார்னா, ட்ரையரைத் தொடுறதுக்கு முன்னாடி துணியை எடை போடுங்க. காஞ்ச எடை 10 கிலோ இருக்கிற துணி, வாஷர்ல நல்லா பிழிஞ்சு வெளிய வரும்போது 15 கிலோ இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல 5 கிலோ தண்ணி. அதே வாஷர் சரியா ஸ்பின் ஆகாம 18 கிலோவா வந்தா 8 கிலோ தண்ணி. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க கிட்டத்தட்ட 2,260 கிலோஜூல் வேணும். அப்போ முதல் லோடுக்கு ஆவியாக்க மட்டும் 3 கரண்ட் யூனிட்டுக்குச் சமமான சூடு, ரெண்டாவதுக்கு 5 யூனிட். ட்ரையர் அதே வேலையைத்தான் செய்யுது, அது தலையில ஏத்தின பாரம்தான் கூடிப்போச்சு. ஒரு தராசு இருந்தா 5 நிமிஷத்துல தெரியுற விஷயம் இது. இங்க நான் வந்ததும் எடை போட்டுட்டேன், வாஷர் பக்கம் தப்பில்ல.

சரி, இப்ப காத்து. இங்க கொஞ்சம் நிதானமா கேளுங்க.

இந்த மெஷின்ல காத்து எப்படிப் போகுதுன்னா, பின்பக்கத்துல உள்ள வருது, பர்னரைத் தாண்டும்போது சூடாகுது, டிரம்முக்குள்ள துணிக்கு நடுவுல புகுந்து ஈரத்தை வாங்கிக்குது, பஞ்சு ஃபில்டரைத் தாண்டி பிளோயர்ங்கிற காத்தாடிக்கு வருது, அங்கேருந்து டக்ட், அதாவது காத்துக் குழாய் வழியா வெளிய போகுது. பிளோயர் கடைசியில இருக்குங்கிறதைக் கவனிங்க. அது காத்தைத் தள்ளல, இழுக்குது. அதனால டக்ட்ல அடைப்பு வந்தாலும், ஃபில்டர்ல வந்தாலும், இந்த அறைக்குள்ள வெளிக்காத்து வராம போனாலும், பாதிப்பு பர்னர் பக்கம்தான் முதல்ல தெரியும். காத்து குறைஞ்சதும் பர்னர் பெட்டிக்குள்ள சூடு தேங்கும். அங்க ஹை லிமிட் தெர்மோஸ்டாட் ஒண்ணு காவல் நிக்குது. அது உடனே கேஸை நிறுத்திடும். ஆறினதும் திரும்ப எரியும், திரும்ப நிக்கும். வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு "சூடே வரல". உண்மையில சூடு கூடிப்போய்தான் தீ அணையுது! இதைப் புரிஞ்சுக்க எனக்கே ரொம்ப நாளாச்சு.

இதோ இந்தத் தகடு தெரியுதா? கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன். இதுதான் செயில் சுவிட்ச், காத்து சுவிட்ச்னும் சொல்வாங்க. பிளோயர் இழுக்குற வேகத்துல இந்தத் தகடு உள்ள ஒட்டிக்கிட்டாத்தான் பர்னருக்கு அனுமதி. இப்ப ஓட விடுறேன், பாருங்க. ஒட்டுது, விடுது, ஒட்டுது, விடுது. இப்படித் துடிச்சா காத்து பத்தலன்னு அர்த்தம். தகட்டுல பஞ்சு படிஞ்சு கனமானாலும் இப்படி ஆகும், அதனால முதல்ல துடைச்சுட்டுப் பாருங்க. ஃபில்டர் கதவோட ரப்பர் கிழிஞ்சிருந்தாலும் இதே கதைதான். பிளோயர் அந்த ஓட்டை வழியா சுலபமா காத்து வாங்கிக்கும், பர்னர் பக்கம் இழுக்காது.

இன்னொரு சோதனைக்கு கருவியே வேண்டாம். அறைக் கதவை மூடிட்டு ஓட்டுங்க, அப்புறம் திறந்துட்டு ஓட்டுங்க. திறந்தா எரியுது, மூடினா அணையுதுன்னா மெஷின்ல தப்பே இல்ல. அறைக்குள்ள வெளிக்காத்து வர வழி போதல. இங்க அதையும் பார்த்தேன், வித்தியாசம் இல்ல. அப்போ மிச்சம் இருக்கிறது டக்ட்.

டக்ட்டுக்கு, காத்தோட அழுத்தத்தை அளக்குற மேனோமீட்டர் வேணும். இல்லாதவங்க ஒரு மெல்லிய ட்ரான்ஸ்பரண்ட் குழாயை யு மாதிரி வளைச்சு பாதி தண்ணி ஊத்துங்க. மெஷின்ல இருந்து டக்ட் வெளிய போற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஓட்டை போட்டு ஒரு முனையை அதுல வைங்க. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு அளங்க. பல மெஷின்களுக்கு உச்ச அளவு 0.3 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கம்மி. உங்க மெஷினோட மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. நாலஞ்சு மெஷின் ஒரே டக்ட்டுல சேர்ந்தா எல்லாத்தையும் ஓட விட்டு அளங்க, ஒண்ணை மட்டும் ஓட்டி அளந்தா பொய் சொல்லும். இங்க எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க, 16 மில்லிமீட்டர். ரெண்டு மடங்கு.

பிளோயருக்குத் தனி மோட்டார் இருந்தா, வயரைச் சுத்திப் பிடிச்சு கரண்டை அளக்குற கிளாம்ப் மீட்டரும் உதவும். டக்ட் அடைச்சா மோட்டார் திணறும், கரண்ட் கூடும்னு நினைப்போம். அப்படி இல்ல. இந்த மாதிரி பிளோயர்ல காத்து நகர்ந்தாத்தான் வேலை. காத்து நகரலன்னா கரண்ட் குறையும். ஆம்பியர் குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க.

டக்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என் அனுபவத்துல இருந்து ஒண்ணு சொல்லணும். ஒரு பெரிய லாண்டரி. முதல் நாள் வரைக்கும் நல்லா ஓடின ட்ரையர், மறுநாள் காலையில துணி காய மாட்டேங்குது, செயில் சுவிட்ச் துடிக்குது. நான் நாள் பூரா டக்ட்டைக் கழட்டி சுத்தம் பண்ணினேன். பிரயோஜனமில்ல. சாயங்காலம்தான் ஒருத்தர், "நேத்து ராத்திரி மெயின் பேனல்ல கேபிள் மாத்தினாங்க"ன்னு சொன்னார். மோட்டார் மேல அம்புக்குறி இருக்கும்ல, அதைப் பார்த்தேன். பிளோயர் தலைகீழா சுத்துது. கேபிள் மாத்தினப்போ மூணு ஃபேஸ் வயரோட வரிசை மாறிடுச்சு. இந்த வகை பிளோயர் தலைகீழா சுத்தினாலும் காத்து அதே திசையிலதான் வெளிய வரும், ஆனா பலமே இருக்காது. டக்ட் வாயில கையை வச்சுப் பார்த்தா காத்து வருதேன்னு தோணும், அதுலதான் நான் ஏமாந்தேன். மூணு ஃபேஸ்ல ரெண்டை மாத்திப் போட்டதும் சரியாச்சு. அன்னிலேருந்து எங்க போனாலும் முதல் கேள்வி, "கடைசியா இங்க யார் என்ன வேலை பார்த்தாங்க?" டிரைவ், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி வழியா ஓடுற மோட்டார்னா உள்ள வர்ற ஃபேஸ் மாறினாலும் சுத்துற திசை மாறாது, அங்க இதைத் தேட வேண்டாம்.

இப்ப சூடு சுத்தமாவே இல்லாத மெஷின். கதவு சுவிட்ச், ஃபில்டர் கதவு சுவிட்ச், செயில் சுவிட்ச், ஹை லிமிட், எல்லாம் ஒரே வரிசையில மாலை மாதிரி கோத்திருக்கும். நிறைய மெஷின்ல இது 24 வோல்ட். மீட்டரோட ஒரு முனையை காமன்ல, அதாவது கரண்ட் திரும்பிப் போற பொது வயர்ல வச்சுட்டு, இன்னொண்ணை ஒவ்வொரு சுவிட்சா நகர்த்திட்டே போங்க. எங்க 24 காணாம போகுதோ, அதுக்கு முந்தின சுவிட்ச்தான் திறந்திருக்கு. அதை உடனே மாத்தாதீங்க. ஏன் திறந்ததுன்னு கேளுங்க. ஹை லிமிட் திறந்தா பத்துல எட்டு தடவை திரும்ப காத்துகிட்டயே வந்து நிக்கும்.

ஒரு விஷயத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அந்த சுவிட்சுகளுக்கு லூப் போட்டு, அதாவது சுவிட்சைத் தாண்டி நேரா வயர் இணைச்சு ஓட்டாதீங்க. "அவசரம், இன்னிக்கு மட்டும்"னு போட்ட லூப் வயர் பல மாசம் கழிச்சு அப்படியே கிடக்கிறதைக் கழட்டியிருக்கேன். பஞ்சு, தீ, காத்து மூணும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு. அந்தத் தகடுதான் அங்க வேலை செய்யுறவங்களுக்குக் காவல்.

தீ பத்தி ரெண்டு மூணு செகண்டுல அணையுதா? தீ எரியுதான்னு கண்டுபிடிக்கிற கம்பியை, அதாவது ஃப்ளேம் சென்சரைப் பாருங்க. தீ வழியா மிகச் சின்ன மின்சாரம் ஒரே திசையில ஓடும், மைக்ரோ ஆம்பியர் கணக்குல. கம்பியில படிவு இருந்தாலும், பர்னருக்கு எர்த் சரியில்லாம இருந்தாலும் அது போர்டுக்குப் போய்ச் சேராது. போர்டு தீ இல்லன்னு நினைச்சு வால்வை மூடிடும். கம்பியை லேசா தேய்ச்சு, எர்த் திருகை இறுக்கினாலே நிறைய மெஷின் எழுந்திரிச்சுடும். கேஸ் பிரஷர் பார்க்கிறதா இருந்தா எல்லா மெஷினும் ஓடும்போது பாருங்க. ரெகுலேட்டரைத் திருகுற வேலை பயிற்சி இருக்கிறவங்களுக்கு மட்டும்.

எலக்ட்ரிக் ட்ரையர்ல பாதி சூடுதான் வருதுன்னா ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். மூணு ஃபேஸ் ஹீட்டருக்கு வர்ற ஃபேஸ்ல ஒண்ணு போனா சூடு சரிபாதியா குறையும், கணக்குப் போட்டா அப்படியே வரும். ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்துற காண்டாக்டர் சுவிட்சோட முனை கருகியிருக்கான்னு பாருங்க. நீராவியில சூடாகுற ஸ்டீம் மெஷின்ல, ஆறின தண்ணியை மட்டும் வெளிய விடுற ட்ராப்தான். வர்ற பைப் கொதிக்குது, ட்ராப்புக்கு அந்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்குன்னா அடைச்சிருக்கு, காயில் பூரா தண்ணி நிக்குது.

சத்தத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். சுத்துக்கு ஒரு தடவை சீரா தட்டுனா டிரம்மைத் தாங்குற உருளையில தேய்மானம், கீச்சுன்னு கத்தினா பெல்ட், உறுமினா பேரிங்.

இப்ப டக்ட். மேல ஏறி வெளிமுனையைப் பார்த்துட்டு வந்தேன், இதோ எடுத்த வீடியோ. மூடி திறக்கவே முடியாத அளவுக்கு ஈரப் பஞ்சு இறுகிக் கிடக்கு. பறவை வரக்கூடாதுன்னு யாரோ நல்ல எண்ணத்துல கம்பி வலை கட்டியிருக்காங்க. அந்த வலையிலதான் பஞ்சு மாட்ட ஆரம்பிச்சிருக்கு. ட்ரையர் டக்ட்டுக்கு வலை கட்டவே கூடாது. அறுத்து எடுத்துட்டேன், உள்ளயும் சுத்தம் பண்ணியாச்சு.

ஓட விடுறேன். குழாய்ல 5 மில்லிமீட்டர். தகடு ஒட்டினது ஒட்டினபடியே நிக்குது. தீ நீலமா, நிலையா எரியுது, கேட்குதா அந்தச் சத்தம்? ஒரே சீரா இருக்கு.

லோடு போட்டு 44 நிமிஷத்துல எடுத்தேன், தராசுல வச்சேன், காஞ்ச எடைக்கு வந்துடுச்சு. கடைசியில துணியை ஆற வைக்கிற கூல் டவுனைக் கட் பண்ணாம முழுசா ஓட விட்டேன். இங்க சமையல் எண்ணெய் பட்ட துணியும் வருதாம். அதைச் சூடா மடிச்சுக் குவிச்சா தானாவே தீப்பிடிக்கலாம். அதை இங்க வேலை செய்யுற அக்காகிட்ட சொல்லிட்டு, பேனலை மாட்டிட்டுக் கிளம்பணும். இக்னைட்டர், வால்வு, போர்டு மூணும் பழசேதான் உள்ள இருக்கு.