வயலுக்கும் துணைக்கோளுக்கும் நடுவே

அனைவருக்கும் வணக்கம்.

2013 ஜூனில் இங்கே சிங்கப்பூரில் புகைமூட்டம் சூழ்ந்து காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எதிர் புளோக்கே மங்கலாகத் தெரிந்த நாள்கள் அவை. மேலிருந்து வயலைப் பார்க்கும் துணைக்கோளுக்கும் அதே தொல்லைதான்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும்; அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் தாவரக் குறியீடு. செழிப்பான வயல் ஒன்று சிவப்பில் 4 விழுக்காடும் அகச்சிவப்பில் 44 விழுக்காடும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 0.83. நடுவே லேசான புகை வந்தால், துகள்கள் சிதறடித்த ஒளியும் சேர்ந்து சிவப்பு 7 ஆகலாம். அகச்சிவப்பு 43-க்கு இறங்கலாம். இப்போது 0.72. பயிரில் ஓர் இலைகூட வாடவில்லை!

தமிழ்நாட்டில் பயிர்க் காப்பீட்டு இழப்பைக் கணிக்கத் துணைக்கோள் படங்களும் பயன்படுகின்றன. காற்றின் பங்கைக் கழிக்காத எண்ணை வைத்து ஒரு விவசாயியின் இழப்பீட்டை முடிவு செய்வது அநியாயம் என்பேன்.

சரி, துணைக்கோள் பார்க்கும் கோணத்துக்கு வருவோம். நடவு முடிந்து சில வாரமே ஆன நெல்லை நேர் மேலிருந்து பார்த்தால் வரிசைகளுக்கு இடையே சேறும் தண்ணீரும் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இலைகள் இடைவெளியை மறைத்து, வயல் அடர்த்தியாகத் தோன்றும். சூரியன் துணைக்கோளின் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல்கள் மறைந்து, வயல் பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோள் ஒரே வீச்சில் 290 கிலோமீட்டர் அகலத்தைப் படமெடுப்பதால் ஓரங்களில் உள்ள வயல்களைச் சுமார் 10 பாகை சாய்வாகப் பார்க்கிறது. நாசா துணைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி படமெடுக்கும் அகலம் 2,330 கிலோமீட்டர். அங்கே சாய்வு இன்னும் மிக அதிகம்.

மேகம் வந்தாலோ கழிப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. தஞ்சையின் சம்பா நெல் வளர்வதே வடகிழக்குப் பருவமழையில்தான். அங்கே கைகொடுப்பது ராடார். 2023 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் சிங்கப்பூரின் டெலியோஸ்-2 அந்த வகைத் துணைக்கோள்தான். ராடார் அலை மேகத்தைத் துளைத்துச் செல்லும். நீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். அப்புறம் ஒன்று: ராடாருக்கும் கோணம் முக்கியம். கோணம் மாறினால் அதே வயலின் வெளுப்பும் மாறும். ஆகவே ஒரே பாதையில், ஒரே கோணத்தில் எடுத்த படங்களையே வாரத்துக்கு வாரம் ஒப்பிட வேண்டும்.