ராணுவத்தை புதுசாக்குறதுன்னா என்ன? கிருஷ்ணகிரி கூட்டத்துல பேசினது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. காலேஜ் பசங்க நிறைய பேரு வந்திருக்கீங்க, பெரியவங்களும் இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ராணுவ நவீனமயம்னு சொன்னதும் நமக்கு ரஃபேல் போர் விமானம், எஸ்-400, பிரமோஸ் ஏவுகணைங்க, ஜனவரி 26 அணிவகுப்பு இதெல்லாம்தான் ஞாபகம் வருது. அதுவும் வேணும்தான். ஆனா எவ்ளோ வாங்கி வெச்சிருக்கோம்கறத விட, சண்டையில ஒடைஞ்சத எவ்ளோ சீக்கிரம் திரும்ப செய்யுறோம், எதிரி ஒண்ணு மாத்துனா நாம எத்தன வாரத்துல மாத்துறோம், இனிமே ஜெயிக்கிறதும் தோக்குறதும் அதுலதான் இருக்குதுங்க.

2020ல அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் 44 நாள் சண்டை போட்டாங்க. துருக்கி டிரோன் மேல பறந்துகிட்டே டாங்கி, பீரங்கி, ஏவுகணை வண்டின்னு ஒண்ணொண்ணா தேடி அடிச்சுது. அப்புறம் 2022 பிப்ரவரில உக்ரைன். அங்க சில பத்தாயிரம் ரூபா விலை உள்ள சின்ன டிரோன் பல கோடி ரூபா டாங்கிய முடிச்சிடுது. சரி, டிரோன இயக்குற ரேடியோ சிக்னல ஜாம் பண்ணிட்டா, அதாவது கலைச்சுவிட்டா, டிரோன் விழுந்துடும்னு ஜாமர் போட்டாங்க, ஒடனே அடுத்த பக்கம் மெல்லிசா ஃபைபர் கேபிள டிரோனோட சேத்து கிலோமீட்டர் கணக்குல விட்டுக்கிட்டே பறக்க வெச்சாங்க, கேபிள்ல போற சிக்னல எந்த ஜாமர் தடுக்கும்? ஒரு ஐடியா வந்து, அதுக்கு மாத்து வந்து, மாத்துக்கு மாத்து வந்து, இதெல்லாம் மாசக் கணக்குல நடக்குது, வருசக் கணக்குல இல்ல.

2025 ஜூன் 1ஆம் தேதி நடந்தத நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். உக்ரைன்காரங்க லாரில மரக் கொட்டகை மாதிரி ஏத்தி அதோட கூரைக்குள்ள டிரோன ஒளிச்சு, எல்லையில இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ள இருக்குற ரஷ்ய விமான தளம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல போனதும் கூரை தெறந்துச்சு, டிரோன் கிளம்பி நின்னுகிட்டிருந்த குண்டுவீச்சு விமானங்கள கொளுத்திடுச்சு. நம்ம ஊரு நடுவுல போகுதே என்எச் 44, அதுல ராத்திரி பகல்னு லாரி போயிட்டே இருக்கு, அந்தப் பக்கம் பெங்களூருல விமானம் செய்யுற இடம் இருக்கு. எல்லைன்னா காஷ்மீர், லடாக்னு நெனச்சுட்டு இருந்த காலம் போச்சுங்க. நம்ம நாட்டுலயே 2021 ஜூன்ல ஜம்மு விமானப்படை தளத்து மேல டிரோன்ல குண்டு வந்து விழுந்துச்சு, அப்பவே மணி அடிச்சாச்சு.

2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்ப ஒரே ராத்திரில 36 இடத்துல 300ல இருந்து 400 டிரோன் வரைக்கும் பாகிஸ்தான் அனுப்புச்சுன்னு அரசாங்கமே சொல்லுச்சு. அத அடிச்சதுல எது கலந்துகிச்சு தெரியுமா? எல்-70 பீரங்கி. 1960கள்ல வந்த துப்பாக்கி அது. அதுக்கு நம்ம ஆளுங்க புது எலக்ட்ரானிக் கண்ணு, தானா குறி வைக்கிற மோட்டார் எல்லாம் மாட்டிவிட்டாங்க, ராடாரோட சேத்தாங்க, பழைய குழாய் புது சண்டைக்கு ரெடி ஆயிடுச்சு. லட்ச ரூபா டிரோன கோடி ரூபா ஏவுகணையால அடிச்சுட்டே இருந்தா எந்த கஜானாவும் தாங்காது, அந்த இடத்துல இந்த பழைய பீரங்கி குண்டு எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிங்க. எனக்கு நவீனமயம்னா இதுதான்ங்க முதல் பாடம்.

இப்ப நமக்கு வலிக்கிற பக்கம். போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் 1986ல போட்டது. அதுக்கப்புறம் புதுசா பெரிய பீரங்கி படைக்கு வந்து சேந்தது 2018ல, எம்777, கே9 வஜ்ரா. நடுவுல 1999ல கார்கில் வந்துச்சு, அந்த பழைய போஃபர்ஸ வெச்சுத்தான் மலை மேல இருந்தவன அடிச்சு எறக்கினோம். போர் விமானம் 126 வாங்கணும்னு 2007ல டெண்டர் விட்டாங்க, கடைசில கையெழுத்து ஆனது 36 ரஃபேலுக்கு, 2016ல, முதல் அஞ்சு விமானம் அம்பாலால எறங்கினது 2020 ஜூலைல. பதிமூணு வருசம்! விமானப்படைக்கு அனுமதிச்ச 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவு எங்க, 2025 செப்டம்பர்ல பழைய மிக்-21 போர் விமானம் ஓய்வு பெத்த அப்புறம் மிஞ்சின 29 எங்க? நம்ம நாட்டுலயே செய்யுற தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானம் 83க்கு 2021ல ஆர்டர் குடுத்தாச்சு, ஆனா எஞ்சின் அமெரிக்காவுல இருந்து வரணும், அது லேட்டு, அதனால எல்லாமே லேட்டு. உடம்பு நாம செஞ்சாலும் இதயம் வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும் நம்ம கையில சாவி இல்லைங்க.

காசு இல்லையான்னா, 2025-26 பட்ஜெட்ல பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபா ஒதுக்குனாங்க. அதுல புதுசா வாங்குறதும் சேந்த மூலதனச் செலவுக்குன்னு 1.80 லட்சம் கோடி, பென்ஷனுக்கு 1.60 லட்சம் கோடி. பென்ஷன கொறைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், அது வாழ்நாள குடுத்தவங்களுக்கு நாடு குடுக்கற கடன். ஆனா அந்த 1.80ல எவ்ளோ நம்ம பட்டறைக்கு வந்துச்சுன்னு கேக்கணும்.

இந்த மண்ணுக்கு இது புதுசு இல்ல. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பாராமகால்னு ஹைதர் அலி, திப்பு கையில இருந்துச்சு, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில வெள்ளக்காரனோட கிழக்கிந்திய கம்பெனிக்கு போச்சு. ஹைதர், திப்புவோட படைங்க இரும்பு குழாய்ல மருந்த அடைச்சு ராக்கெட் விட்டுச்சு, இரும்புங்கறதால அழுத்தம் தாங்குச்சு, ரொம்ப தூரம் போச்சு. 1799ல திப்பு விழுந்ததும் அந்த ராக்கெட்ட இங்கிலாந்துக்கு எடுத்துட்டுப் போயி பாத்தாங்க, சில வருசத்துல காங்கிரீவ்ங்கற இங்கிலாந்துக்காரரு தன்னோட ராக்கெட்ட செஞ்சாரு, 1807ல டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் மேல அதத்தான் விட்டாங்க. நம்மகிட்ட இருந்தது ஆயுதம், அவங்ககிட்ட இருந்தது அத பிரிச்சு அளந்து திரும்ப திரும்ப டெஸ்ட் பண்ற பட்டறை. அந்த பட்டறைதான் ஜெயிச்சுது.

அப்படி ஒரு பட்டறை இப்ப நம்மகிட்ட இருக்கு, ஓசூர். 2019 ஜனவரில திருச்சில தொடங்கி வெச்ச தமிழ்நாடு பாதுகாப்பு தொழில் வழித்தடத்துல சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சியோட ஓசூரும் ஒண்ணு. சிப்காட் தொழிற்பேட்டைல சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் இயக்குற மெஷின் வெச்சிருக்கற சின்ன ஓனருங்ககிட்ட பேசிப் பாருங்க, மைக்ரான் கணக்குல, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு துல்லியத்துல வேலை செய்வாங்க, ஆனா சாம்பிள் குடுத்து பாஸ் ஆகி ஆர்டர் வர்றதுக்குள்ள பேங்க் வட்டி முழுங்கிடுது. சின்ன தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 சட்டமே சொல்லுது, அது பாதுகாப்பு ஆர்டர்ல ஒழுங்கா நடந்தாலே பாதி நவீனமயம் நடந்த மாதிரிங்க. பத்து பீஸ் ஆர்டர் குடுத்துட்டு மூணு வருசம் காக்க வெச்சா எவன் மெஷின் வாங்குவான்?

கடைசியா ஆளுங்க. படைக்கு ஆள் எடுக்கற அக்னிபத் திட்டம் 2022ல வந்துச்சு, நாலு வருசம் வேலை, அதுக்கப்புறம் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் வெச்சுக்குவாங்க. இங்க உக்காந்திருக்கற தம்பிங்கள்ல சில பேரு அதுக்குத்தான் விடியகாலைல ஓடிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியும். டிரோன் ஓட்ட, ஜாமர் இயக்க கத்துக்கிட்டவன் நாலு வருசத்துல வெளிய வந்து செக்யூரிட்டி வேலைக்கு நின்னா அது அவனுக்கும் நஷ்டம், படைக்கும் நஷ்டம். முன்னால நின்னு பாத்தவனுக்குத்தான் எந்த ஸ்க்ரூ எப்ப கழலும்னு தெரியும். அவனுக்கு ஓசூர் சிப்காட்ல டிரோன் பாகம் செய்யுற எடத்துல நேரா வேலை குடுக்கற ஏற்பாடு வேணும், மாவட்ட நிர்வாகமும் தொழில் சங்கங்களும் உக்காந்து பேசினா இதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியதே இல்ல. இந்தக் கோரிக்கைய எழுதி மேடைக்குப் பக்கத்துல வெச்சிருக்கோம், கையெழுத்து போடறவங்க போடுங்க, முன்னாள் ராணுவத்தினர் மொதல்ல வாங்க.