வாலுக்குள்ள ஒரு குதிர்

மெதுவாத்தான் பேசுவேன், வால்யூமை கொஞ்சம் ஏத்திக்கோங்க. ராஜஸ்தான், சூரு மாவட்டம், தால் சாப்பர். எல்லாரும் வெளிமான் பார்க்க வர்ற இடம். நான் வந்தது அதோ, அந்த வளை வாசல்ல மண் கலர்ல படுத்திருக்கே, அதுக்கு. முள்வால் ஓணான். இங்க சாண்டான்னு சொல்றாங்க. ஆமா, சாண்டா எண்ணெய்னு விக்கிறாங்களே, அதே சாண்டாதான். அதுக்கு அப்புறம் வரேன்.

இது பெரும்பாலும் சைவம். இலை, தழை, பூ. ஆனா தழையை செரிக்க வைக்கிறது லேசு இல்ல. குடல்ல இருக்கிற நுண்ணுயிர்தான் அதை நொதிக்க வைக்கணும், அதுக்கு உடம்பு நல்லா சூடா இருக்கணும். அதான் சாப்பாட்டுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் வெயில் காயுது. நம்ம தோசைக்கல் காய்ற மாதிரி.

குளிர் போனதும் வெளிய வந்து துளிரும் பூவும் மேயும். மே மாசம் மதியத்துல தலையே காட்டாது. காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். தண்ணி தேடி எங்கயும் போறதில்ல, சாப்பாட்டுல இருக்கிற ஈரமே போதும். மழை விழட்டும், அப்ப பாருங்க! தரையெல்லாம் வண்டு, வெட்டுக்கிளி. சைவம் காத்துல போயிடும். குட்டிங்களுக்கு எப்பவுமே பூச்சி மேலதான் கண்ணு, வளர்ற வயசு இல்லையா.

இப்ப செப்டம்பர். இவர் வாலோட அடிப்பக்கம் எவ்வளவு தடிமன் பாருங்க. உள்ள கொழுப்பு. குளிர் வந்தா வளைக்குள்ள போய் வாசலை மண்ணால அடைச்சிட்டுப் படுத்துடும். சூடு இல்லாதப்ப தின்னாலும் செரிக்காது, அதனால திங்கவே திங்காது. அத்தனை நாளும் வாலுக்குள்ள சேர்த்து வச்ச அந்த குதிர்ல இருந்துதான் செலவு.

அந்தக் கொழுப்பைத்தான் உருக்கி, மூட்டுவலிக்கும் இன்னும் எதுக்கெல்லாமோன்னு பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. மருந்தா அது வேலை செய்யும்னு எந்த ஆதாரமும் கிடையாது. இதைப் பிடிக்கிறதே 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

இருங்க இருங்க... மேல பருந்து. உள்ள ஓடிடுச்சு. ஜூம் பண்றேன். வாசல்ல முள்ளு தெரியுதா? வால் நுனி. அவ்வளவுதான், இனி வராது.