மூணு கிளாஸ் பார்த்தேன், ஒண்ணுதான் தேறியது

கேமரா ஆடுகிறது, தெரிகிறது, பொறுத்துக்கோங்க. ஸ்டாண்டை வழக்கம்போல வீட்டிலேயே மறந்துவிட்டேன். போனைப் பிடித்திருக்கிற கை வேறு நடுங்குகிறது. இப்போதுதான் உடற்பயிற்சி கிளாஸ் முடிந்து பார்க்கிங்கில் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்றைக்கு டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கிற எடைக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நேராக நிமிர்வதில், 40 கிலோ எடுத்துவிட்டேன். நாற்பது! போன வருஷம் 26 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டு, படுத்தபடியே ஒரு வீடியோ போட்டேனே, அதே ஆள்தான்.

மூட்டை ஏன் 26 கிலோ என்று அதில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி. அதனால் ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஜிஎஸ்டி என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரு பஞ்சாயத்து இருக்கிறது, வருகிறேன்.

தனியாக ஜிம்முக்குப் போனால் ரெண்டாவது வாரமே மட்டம் போடுகிறவள் நான். உங்களுக்குத் தெரியாததா? ஆளோடு ஆளாகச் செய்கிற கிளாஸ்தான் நமக்குச் சரி என்று கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றி மூணு இடத்தில் ட்ரையல் பார்த்தேன்.

முதல் இடம் பெரிய ஹால், ஏசி, சுற்றிலும் கண்ணாடி. நாற்பது பேர் இருப்போம். கையில் ஆளுக்கு ரெண்டு ரோஸ் கலர் டம்பெல், ஒன்று ஒரு கிலோ. எங்கள் வீட்டு தோசை மாவுப் பாத்திரம் அதைவிடக் கனம். பாட்டு காதைக் கிழிக்கிறது, எல்லோரும் குதிக்கிறோம், நல்ல வியர்வை. ஜாலியாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒரு வருஷமாக வருகிற பொண்ணிடம் கேட்டேன், "இப்ப எத்தனை கிலோ எடுக்கறீங்க?" "அதே ஒரு கிலோதாங்க அக்கா." ஒரு வருஷமாக அதே எடையை ஆட்டிக்கொண்டிருந்தால் மூச்சு பழகும், பலம் எங்கிருந்து வரும்? உடம்புக்கு ஒரு எடை பழகிவிட்டால் அடுத்த எடையைக் கொடுத்தால்தான் தசை அசைந்து கொடுக்கும்.

ரெண்டாவது இடத்தில் லாரி டயர், கனமான கயிறு, பர்பி, அதாவது தரையில் விழுந்து எழுந்து குதிப்பது. பர்பி எனக்கு ஜென்ம விரோதி. என் இடுப்புக் கதையை அங்கே யாரும் கேட்கவே இல்லை. வந்ததும் ஓடு, விழு, எழு என்று நாற்பது நிமிஷம். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால், "சூப்பர் அக்கா, அப்படித்தான்" என்கிறார் அந்தத் தம்பி. மறுநாள் காலையில் கோலம் போடக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. பாதிக் கோலத்தோடு வாசலிலேயே நிற்கிறேன், எதிர்வீட்டு அம்மா சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு வந்து கை கொடுத்தார்கள். புதிதாகச் செய்தால் ரெண்டு, மூணு நாள் வலி சகஜம்தான். ஆனால் வலித்தால்தான் நல்ல கிளாஸ் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீங்க.

அட, முதல் இடத்துப் பில்லை விட்டுவிட்டேனே! மூணு மாசத்துக்கு 7,500 ரூபாய் என்றார்கள். சரி. ஜிஎஸ்டி சேர்த்து 8,850 என்று எழுதி நீட்டினார்கள். 18 சதவீதம்! 2025 செப்டம்பர் 22ஆம் தேதியே ஜிம்முக்கு 5 சதவீதமாகக் குறைத்தாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 7,875தான். 975 ரூபாய் வித்தியாசம்! ரிசப்ஷனில் கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தாங்க மேடம் வருது." சிஸ்டத்தில் வந்தால்? நான் போனில் எடுத்துக் காட்டுகிறேன், அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், பின்னால் நாற்பது பேர் குதிக்கிறார்கள். கால் மணி நேரம் நின்றேன். 975 ரூபாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு மாசத்துக் காய்கறியில் பாதி வந்துவிடும்.

சரி, இப்போது போகிற இடம். மாடியில் ஒரு ஷெட், ஒரே ஃபேன், தரையில் விரித்த மேட்டில் வாடை. மாசம் 2,800, மற்ற ரெண்டையும்விட அதிகம். காலை ஆறேகால் பேட்ச், பையனின் ஸ்கூல் வேனோடு தினமும் மோதுகிறது. இதெல்லாம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் எட்டே பேர். டிரெய்னர் பொண்ணு முதல் நாள் கேட்டது இடுப்பைப் பற்றித்தான். எடையே கொடுக்கவில்லை. ஒரு பிவிசி பைப்பை முதுகில் வைத்து, "பின்தலை, முதுகு, வால் எலும்பு, மூணு இடத்துலயும் பைப் ஒட்டியிருக்கணும்க்கா, அப்படியே இடுப்பைப் பின்னாடி தள்ளிக் குனிங்க" என்றாள். பிளம்பர் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு பைப்! ரெண்டு வாரம் அதோடுதான் குடும்பம் நடத்தினேன். முப்பத்தாறு வயசு வரைக்கும் எனக்குக் குனியவே தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் முதுகை வளைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், வளைய வேண்டியது இடுப்பு.

அப்புறம் அந்த நோட்டு. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, பசங்க ரஃப் நோட்டு மாதிரி. என்ன தூக்கினோம், எத்தனை முறை, கடைசி ரெண்டு முறை எப்படி இருந்தது, எல்லாம் எழுதணும். கடைசி ரெண்டும் கஷ்டமாக இருந்து, உடம்பு கோணாமல் வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றுவாள். எங்கேயாவது ட்ரையல் போனால் இதை மட்டும் கேளுங்கள்: போன வாரம் நான் என்ன தூக்கினேன் என்று யாருக்குத் தெரியும்?

பார், அதுதான் அந்த எடைக் கம்பி, அதிலும் ரெண்டு வகை இருக்கிறது மக்களே. ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. நம்முடையது பிடிக்கிற இடத்தில் 25 மில்லிமீட்டர், அவர்களுடையது 28. மூணு மில்லிமீட்டர்தானே என்பீர்கள். கையை மூடிப் பாருங்கள், விரல் சுற்றி வந்து பூட்டுகிறது! இன்றைக்கு அந்த 15, பக்கத்துக்குப் பன்னிரண்டரை கிலோ தட்டு, ஆக நாற்பது. தரையை விட்டுக் கிளம்பும்போது தட்டு ஒரு சின்னச் சத்தம் போடும், அது கேட்டதும் பாதி பயம் போய்விட்டது.

"ஆம்பளை மாதிரி ஆயிடுவே" என்று அம்மா தினமும் போனில் ஆரம்பிக்கிறார்கள். அம்மா, அதற்கு வேண்டிய ஹார்மோன் நமக்கு ரொம்பக் கம்மி. முப்பதுக்கு மேல் தசை தானாகக் கரைவதுதான் பயம். 2000இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி ஒலிம்பிக் எடைதூக்கலில் வெண்கலம் வாங்கியபோது நான் ஆறாம் வகுப்பு, டிவி முன்னால் அம்மாதான் முதலில் கைதட்டினார்கள். ஒரு தூக்கில் 130 கிலோ, அஞ்சு அரிசி மூட்டை, தலைக்கு மேலே!

ஷூ என்ன போடணும் என்று கேட்டீர்கள். தடிமனான ஓட்ட ஷூ வேண்டாம், அமுங்கிக் கால் ஆடும். நான் சாக்ஸோடு நின்றேன், கட்டைவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது, டிரெய்னர் எடுத்த வீடியோவில் அதுதான் நன்றாகத் தெரிகிறது.

இருங்கள், போன் வருகிறது... ம்... அப்படிங்களா... அதே முதல் ஜிம். இன்றைக்குச் சேர்ந்தால் டி-ஷர்ட் ஃப்ரீயாம்.

மேடம், ஜிஎஸ்டி எவ்வளவு போடறீங்க?