சொந்தக் காசில் வாங்கினாரா?

வணக்கம் நேயர்களே. போன வாரம் சிராங்கூன் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். அமெரிக்காவில் ஒரு சிற்றூர் வங்கி. அதன் பங்குகள் அவரிடம் கொஞ்சம் இருக்கின்றன. "இயக்குநரே பங்கு சேத்திருக்காரு பாருங்கண்ணே, நானும் வாங்கிடவா?" என்று கேட்டார்.

அங்கே ஒரு நிறுவனத்தின் இயக்குநரோ உயர் அதிகாரியோ தன் நிறுவனப் பங்கைப் பெற்றாலோ விற்றாலோ, இரண்டு வேலை நாள்களுக்குள் நான்காம் எண் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2002-க்கு முன்பு அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை அவகாசம் இருந்தது. எட்கர் என்ற அரசாங்கத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் எல்லா வங்கியும் அதில் இருக்காது. தாய் நிறுவனம் இல்லாத சில வங்கிகள் தங்கள் வங்கிக் கண்காணிப்பு அமைப்பிடமே தாக்கல் செய்கின்றன.

படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஓர் எழுத்து. 'பி' என்றால் காசு கொடுத்து வாங்கியது. 'ஏ' என்றால் நிறுவனம் ஊதியமாகக் கொடுத்தது. 'எஃப்' என்றால் பெரும்பாலும் வரிக்காகப் பிடித்துக்கொண்டது. நண்பர் காட்டியதில் இருந்தது 'ஏ', விலை பூஜ்யம். அந்த இயக்குநர் ஒரு காசுகூடப் போடவில்லை.

'பி' இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். சிறிய வங்கியின் இயக்குநர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்: கடை வைத்திருப்பவர், வழக்கறிஞர், பண்ணைக்காரர். கடன் வாங்கியவர் யார், திருப்பிக் கட்டுவாரா என்பது அவர்களுக்குத் தெரியும். நம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளை, அந்தக் காலத்து வட்டிக்கடைகளை, நினைத்துப் பாருங்கள். செட்டியார்கள் தாங்கள் போட்ட சொந்தப் பணத்தை 'முதல் பணம்' என்றார்கள். அதைப் போட்டவர் கடன் கொடுக்கும்போது ஆளை எடைபோட்டுத்தான் கொடுப்பார். 'பி' என்ற எழுத்தில் நான் தேடுவது அந்த முதல் பணத்தைத்தான்.

அப்புறம் அளவு. ஏற்கெனவே 80,000 பங்கு வைத்திருப்பவர் 500 வாங்கினால் அது பெரிய சேதி இல்லை. மூன்று, நான்கு இயக்குநர்கள் ஒரே மாதத்தில் வாங்கினால் கவனிக்க வேண்டியதுதான்.

விற்பதற்குக் காரணம் பல உண்டு: வீடு, பிள்ளை படிப்பு, வரி. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. சிலிக்கான் வேலி வங்கி பெரிய வங்கிதான், ஆனாலும் பாடம் ஒன்றுதான். அதன் தலைமை நிர்வாகி 2023 பிப்ரவரி 27-ஆம் தேதி சுமார் 3.6 மில்லியன் டாலர் பங்குகளை விற்றார். மார்ச் 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. இன்ன நாளில் விற்பேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அந்த விற்பனைத் திட்டம் ஜனவரி 26-இல்தான் போடப்பட்டிருந்தது. இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் இப்படித் திட்டம் போட்டால் குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டும் என்ற புதிய விதி நடப்புக்கு வந்ததும் அதே பிப்ரவரி 27. ஜனவரி 26-க்கு முன்பே வந்திருந்தால் அந்தத் திட்டப்படி அன்று விற்றிருக்க முடியாது.

சிங்கப்பூரிலும் இயக்குநர் இரண்டு வேலை நாள்களுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும், நிறுவனம் அதைப் பங்குச் சந்தையில் அறிவிக்க வேண்டும். நம் ஊர்ப் பங்கு வைத்திருப்பவர்களும் அந்த அறிவிப்பைத் திறந்து, சந்தையில் வாங்கியதா, ஊதியமாக வந்ததா என்று பாருங்கள்.

நண்பர் அன்று மூன்று ஆண்டுப் படிவங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரே ஒரு 'பி' கிடைத்தது, அதுவும் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவருடையது. இப்போது அவர் அந்த வங்கியின் வாராக்கடன் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.