பிள்ளை மெலிஞ்சு போச்சே!

(கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு ஆண்டுவிழாவில், ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், பாயில் இருக்கிற அம்மாமாருக்கும், எங்கேயும் இருக்காமல் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நோட்டீஸில் என் பேச்சுக்கு 'குழந்தை வளர்ப்பில் தாயின் கடமைகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் பேச மாட்டேன் என்று செயலாளரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். தாயின் கடமையைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நிற்கிறபோது நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். நான் பேச வந்தது வேறொன்று. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மாமார், அதன் செருப்பைத் தேடுகிற சாக்கில் அங்கன்வாடித் திண்ணையில் கொஞ்ச நேரம் இருந்து தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே, அந்தப் பேச்சு. உள்ளே பதிவேடு எழுதுகிற மாதிரி இருந்துகொண்டு வருஷக்கணக்காக அதை ஒட்டுக் கேட்டவள் நான். இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பேச்சில் பாதி சாப்பாடுதான். ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் முதலில் காதில் விழுவது என்ன? "என்ன மக்கா, பிள்ளை மெலிஞ்சு போச்சே! நீ ஒண்ணும் குடுக்கலியா?" கேட்டவர் அடுத்த நிமிஷம் தன் சோலியைப் பார்க்கப் போய்விடுவார். கேட்டுக்கொண்டவளுக்கு ராத்திரி உறக்கம் வராது. மறுநாள் காலையிலேயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளை பின்னால் ஓட்டம். காக்காயைக் காட்டி ஒரு வாய், அடுத்த வீட்டு ஆட்டைக் காட்டி ஒரு வாய், மார்த்தாண்டம் பஸ் திருப்பத்தில் வரும்போது ஒரு வாய். கடைசி வாயை அது துப்பிவிடும். மீதியை வீணாக்க மனசில்லாமல் இவள் வழித்துத் தின்பாள். அன்றைக்கு அவளுக்கு வேறே சாப்பாடு கிடையாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயசில் 9 கிலோ ஆகிறது. மூன்று மடங்கு. அதே வேகத்தில் வளர்ந்தால் இரண்டாவது பிறந்தநாளில் 27 கிலோ இருக்க வேண்டும். யார் தூக்குவது? உண்மையில் இரண்டாம் வருஷம் முழுக்கக் கூடுவது ஏறக்குறைய இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். நடக்கவும் ஓடவும் தொடங்கிய பிள்ளைக்கு உடம்பு நீளும், கன்னத்துச் சதை இறங்கும். அதைப் பார்த்துத்தான் தெருவில் நிற்கிறவர் மெலிந்துவிட்டது என்கிறார். அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் ஒரு கோடு போடுகிறோமே, அதைக் கேளுங்கள். கோடு பச்சைப் பட்டைக்குள் ஏறிக்கொண்டே போனால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. கோடு ஏறாமல் படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அப்போது கவலைப்படுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கவலைப்படுவேன்.

ஒரு நாள் திண்ணையில் ஒருத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எக்கா, இவன் மட்டிப்பழமும் கஞ்சித் தண்ணியும் தவிர ஒண்ணும் தொட மாட்டேங்கான்." நம்ம ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்துக்கு 2023இல்தான் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நம்ம பிள்ளைகள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள், அது இருக்கட்டும். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "உன் பய பழமாவது திங்கான். எங்க குட்டிக்குப் பப்படம் இல்லைன்னா சோறு இறங்காது." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து மூன்றாவது ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுல சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் திங்கான்." மறுபடியும் சிரிப்பு. உள்ளே எனக்குப் பேனா நின்றுவிட்டது. எழுந்து வெளியே வந்து கேட்டேன், பால் எவ்வளவு குடிப்பான் என்று. சோறு இறங்காததால் பாலைப் புட்டியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும்.

இதில் விஷயம் இருக்கிறது. மண், சுண்ணாம்பு, சாம்பல் என்று பிள்ளை தேடித் தேடித் தின்றால் பல நேரம் அது ரத்தசோகையின் அறிகுறி. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அரை லிட்டருக்கு மேல் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், சாளை மீனுக்கும் முட்டைக்கும் கீரைக்கும் இடம் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள், இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள், பாலைக் குறைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் சுவர் தப்பியது.

இதே அம்மாவிடம் ஒவ்வொரு மாதமும் பதிவேட்டை வைத்துக்கொண்டு "பிள்ளை நல்லா சாப்பிடுதானா?" என்று நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் "நல்லா சாப்பிடுதான் டீச்சர்" என்றுதான் சொன்னாள். ஏன் சொல்ல மாட்டாள்? பிள்ளையைப் பற்றி யார் எது கேட்டாலும் அது தாய்க்கு வைக்கிற பரீட்சை என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். மார்க் போடுகிற இடத்தில் யாராவது உண்மையைச் சொல்வார்களா? பப்படம் தின்கிற குட்டியின் அம்மா முதலில் வாயைத் திறந்ததால் சுண்ணாம்பு வெளியே வந்தது. நான் இந்த மேடையில் ஏறியதே இதைச் சொல்லத்தான்.

அடுத்து போன். இரண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சரியான வார்த்தைதான். ஊட்டுகிறபோது போனைக் காட்டினால் பிள்ளைக்கு வாயில் போவது தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. எப்போதும் போனே கதி என்று இருக்கிற பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை, அதுவும் பேசப் பழகுவதில்லை. இரண்டு வயசு முடிந்தும் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வருகிறது. அன்றைக்குக் கட்டாயம் கூட்டி வந்து காட்டுங்கள்.

ஆனால் நம்ம மாவட்டத்தில் போன் என்றால் கார்ட்டூன் மட்டும் இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா இருப்பதே அதற்குள்தான். துபாயில் ஒருவர், குவைத்தில் ஒருவர். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கே வர மாட்டார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசுகிற வீடியோ காலை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. ஆகவே அதில் குற்றம் நினைக்காதீர்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தினமும் போனுக்கு முத்தம் கொடுக்கிற பிள்ளை, அப்பா லீவில் நேரில் வந்து கையை நீட்டினால் அலறிக்கொண்டு அம்மா முந்தானைக்குள் ஒளிகிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில் நின்று பாருங்கள், எத்தனை அப்பாமார் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வாடி நிற்கிறார்கள் என்று. அதற்கும் பேச்சு வாங்குவது இவள்தான். "நீ பிள்ளைய என்கிட்ட ஒட்ட விடாம வளத்திருக்க" என்று அவர் சொல்வார். ஐயா, அந்த வயசில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். திரையில் கையளவு இருந்த முகம் திடீரென்று ஆறடியாக, மீசையும் வாசனையுமாக வந்து நின்றால் அது என்ன செய்யும்? வந்ததும் வாரித் தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள். உங்கள் பாட்டுக்கு அதன் சொப்புச் சாமானை எடுத்து விளையாடுங்கள். அதுவே பக்கத்தில் வரும். லீவு முடிகிற நேரத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு மாதம் வாசலைப் பார்த்து அழும். அந்த ஒரு மாதத்தை யார் தனியாகச் சமாளிக்கிறாள் என்பதையும் துபாயில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடிவாதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கொடை விழாவில், பள்ளித் திருவிழாவில், பலூன்காரர் முன்னால் மண்ணில் விழுந்து புரளாத இரண்டு வயசுப் பிள்ளை கிடையாது. மூன்று, நாலு வயசில் பேச்சு நன்றாக வந்ததும் குறையும். அதுவரைக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், வேடிக்கை பார்க்கிறவர்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள். ஆனால் சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சை அடக்கி, உதடு நீலம் பாரித்து, ஒரு நிமிஷத்துக்குள் மயங்கி, தானே தெளிந்துவிடும். முதல் தடவை பார்க்கிற அம்மாவுக்கு உயிரே போய்விடும். கண்ணு பட்டது என்று சொல்லி ஓதித் தண்ணீர் எறிய ஓடுவார்கள். ஓதுவது உங்கள் நம்பிக்கை, நான் தடுக்கவில்லை. டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஐந்தாறு வயசுக்குள் நின்றுவிடும். இதிலும் சில பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும், மருந்தில் சரியாகும்.

இப்போது ஒரு சண்டை. எனக்கு முன்னால் பேசிய பெரியவர், அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பத்தில் பிள்ளைகள் தானாக வளர்ந்தன என்றார். எந்தப் பிள்ளையும் தானாக வளர்ந்ததில்லை. மூத்த குட்டியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தித் தம்பியை இடுப்பில் வைக்கச் சொன்னார்கள். அந்தக் குட்டிகள் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் பாட்டிமாராக இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இப்போது முட்டுவலியோடு பேரப்பிள்ளையின் பின்னாலும் அவர்கள்தான் ஓடுகிறார்கள். மருமகள் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு ரப்பர் பால்வெட்டப் போயிருப்பாள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தானே பால் நன்றாக வடியும்? இல்லையென்றால் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்குப் போயிருப்பாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். நாலு தடவை! உங்களில் யாருக்கு அது கிடைக்கிறது என்று கை தூக்கச் சொன்னால் செயலாளர் என் மைக்கைப் பிடுங்கிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது, இதில் சிரிப்பு இல்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளில் பாலை உறைய வைக்கிற ஆசிட்டைக் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறீர்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். இரண்டு வயசுக்கு மூடி திறக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. கடையில் வாங்கிய கன்னாசிலேயே, அந்தக் கேனிலேயே வையுங்கள், எட்டாத உயரத்தில், பூட்டுகிற இடத்தில். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது இன்னொரு தடவை தொண்டையைச் சுடும். உடனே ஆஸ்பத்திரி. அதேபோல கிணற்றுக்கு மூடி. குளிமுறியில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தலைகுப்புற விழுந்த பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே அதிகம். முழு நிலக்கடலை ஐந்து வயசு வரைக்கும் வேண்டாம்.

எனக்குக் கொடுத்த நேரம் இன்னும் அரை மணி பாக்கி இருக்கிறது. அதை நான் எடுக்கப் போவதில்லை. பின்னால் சுவரோரம் நிற்கிற அப்பாமார் எல்லாரும் முன்னே வாங்க. ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போங்க. அழுதாலும் அரை மணிக்கு முன்னால் திரும்பக் கூடாது. மைக்கின் வயர் பாய் வரைக்கும் எட்டும் என்று நினைக்கிறேன். இந்த வாரம் உங்க பிள்ளை என்னத்தைத் துப்பிச்சு, எங்கே விழுந்து புரண்டுச்சு, நீங்க எப்போ அழுதீங்க, எதுன்னாலும் சொல்லலாம். நான் பேனாவை உள்ளே வைத்துவிட்டேன். முதலில் யார்? அந்தப் பச்சைச் சேலை மைனி, உங்ககிட்டதான் கேட்கிறேன், சிரிக்காமல் மைக்கை வாங்குங்க.